கரடிப்பள்ளம் பசியாறிய புகை

கரடிப்பள்ளத்தில் வெல்டிங் பட்டறை வைத்திருந்த ஜெபமணி, சீக்காளியான தன் மனைவி சுகிர்தத்துக்காக வீட்டு முற்றத்தில் முதன்முதலாகப் பர்கர் சுட்ட அந்தச் சாயங்காலம், சரிவில் மேலும் கீழுமாக ஒட்டிக்கொண்டு நின்ற வீடுகளில் இருந்த அத்தனை பேருக்கும் ஒரு பருக்கைகூட வாயில் படாமலே வயிறு நிறைந்துபோனது. குன்னூருக்குக் கீழே, தேயிலைத் தோட்டம் முடிந்து காடு தொடங்குகிற இடத்தில் இருக்கிற சின்ன ஊர் அது. பனி இறங்கிவிட்டால் ஒரு வாசனையோ ஒரு சண்டையோ ஊரைவிட்டு வெளியே போக முடியாது. ஜெபமணி வீட்டுப் புகையும் அப்படித்தான் போக வழி தெரியாமல் ஓட்டுக்கூரைகளின் மேல் தவழ்ந்து, சன்னல்களில் நுழைந்து, உலை வைத்திருந்தவர்களையும் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தவர்களையும் தொட்டிலில் கிடந்தவர்களையும் ஒருசேரத் தொட்டபோது, ஊர் மொத்தமும் ஒரு ஏப்பம் விட்டது. அரிசியைக் களைந்து கையில் வைத்திருந்த பெண்கள் அதைத் திரும்பவும் முறத்தில் உலர்த்தப் போட்டுவிட்டுப் படுக்கப் போனார்கள். ஏன் என்று யாரும் யாரையும் கேட்கவில்லை. வயிறு நிறைந்தவர்களுக்குக் கேள்வி தோன்றுவதில்லை.

ஜெபமணிக்கு ஊரை நிறைக்கிற எண்ணமெல்லாம் இல்லை. சுகிர்தத்தின் வயிற்றில் வந்த கட்டியைக் கோயமுத்தூரில் அறுத்து எடுத்தார்கள். பிறகு மருந்து ஏற்றினார்கள். அந்த மருந்தோடு அவளுடைய தலைமுடி போயிற்று, மோப்பம் போயிற்று, கடைசியில் சாப்பாட்டின் மேல் இருந்த ஆசையும் போயிற்று. கஞ்சியைக் கொண்டு போனால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். மீன் குழம்பு வைத்தால் கும்பிட்டு அனுப்பிவிடுவாள். அப்படி இருந்தவள் ஒருநாள், கனடாவில் இருக்கிற மகள் பிளெஸ்ஸி போனில் அனுப்பிய படத்தில் பேரப்பிள்ளைகள் கொல்லையில் நின்று எதையோ வாய் கொள்ளாமல் கடிப்பதைப் பார்த்துவிட்டு, "ஏங்க, அது மாதிரி ஒண்ணு தின்னணும் போல இருக்கு" என்றாள்.

அந்த ஒரு வார்த்தைக்காக ஜெபமணி எத்தனை நாளாகக் காத்திருந்தார் என்பது அவருக்குத்தான் தெரியும். அன்றைக்கே ஒரு டீசல் பீப்பாயை நெட்டுவாக்கில் அறுத்து, கால் வைத்து, மேலே கம்பிகளை வரிசையாகப் பற்றவைத்து அடுப்பு செய்தார். சீகை மரத்துக் கரி ஒரு மூட்டை வாங்கினார். பிறகு மகளுக்குப் போன் போட்டார்.

"கறியைப் போட்டுப் பிசையாதீங்கப்பா, அது சப்பாத்தி மாவு இல்ல. சும்மா சேர்த்துப் பிடிச்சா போதும்" என்றாள் பிளெஸ்ஸி.

"உதிர்ந்து போகுமேம்மா."

"கொழுப்பு கலந்திருந்தா உதிராது. தட்டி வச்சுட்டு நடுவுல கட்டைவிரலால ஒரு குழி போடுங்க, இல்லாட்டி வேகும்போது உப்பிக்கும். அடுப்புல போடுறதுக்கு முன்னாடிதான் உப்பு தூவணும். ஒரே ஒரு தடவைதான் திருப்பணும். அப்பா, முக்கியமா, கரண்டியால அமுக்கிடாதீங்க. அமுக்குனா சாறெல்லாம் நெருப்புக்குப் போயிடும், அம்மாவுக்குச் சக்கைதான் மிஞ்சும்."

கறிக்கடை ஹனீபா பாய், விஷயத்தைக் கேட்டதும் மாட்டின் கழுத்துப் பக்கமாகக் கொழுப்போடு அறுத்து, கொரகொரவென்று கொத்திக் கொடுத்தார். ஜெபமணி அதை ஒரு குருவிக்குஞ்சைப் பிடிப்பதுபோலப் பிடித்துத் தட்டினார். கம்பியில் விழுந்ததும் அது சத்தம் போட்டது. கொழுப்பு கரியில் சொட்டி, நெருப்பு ஒருமுறை எம்பி அடங்கியது. அமுக்கத் துடித்த கையை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டு நின்றார். பன்னை இரண்டாக வகிர்ந்து வெண்ணெய் தடவி அதே கம்பியில் வாட்டி, வட்டமாக நறுக்கிய வெங்காயமும் தக்காளியும் வைத்து மூடி, உள்ளே எடுத்துக்கொண்டு போனார்.

சுகிர்தம் இரண்டு கையாலும் பிடித்துக் கடித்தாள். சாறு மணிக்கட்டு வழியாக முழங்கைக்கு ஓடியது. கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் மென்றாள்.

"ருசியா இருக்குங்க" என்றாள். "நீங்களும் ஒண்ணு எடுத்துட்டு வந்து உக்காருங்க. ஒண்டியா திங்க முடியல."

ஜெபமணி தனக்கும் ஒன்று எடுத்து வந்தார். வாயருகே கொண்டு போனபோதுதான் தொண்டைவரை நிரம்பியிருப்பது தெரிந்தது. கல்யாணப் பந்தியில் மூன்றாவது பாயசம் குடித்தவனுடைய வயிறுபோல இருந்தது. அடுப்புக்குப் பக்கத்திலேயே நின்றவர் அல்லவா, ஊரிலேயே அவருக்குத்தான் அதிகமாக நிறைந்திருந்தது. அவர் வெறும் கையோடு உட்கார்ந்திருக்க, சுகிர்தம் கால் பாகம் தின்றுவிட்டு மீதியைத் தட்டில் வைத்தாள்.

மறுநாள் காலையில் தண்ணீர்க் குழாயடியில் விஷயம் வெளிவந்தது. "நேத்து ராத்திரி நாங்க ஜெபமணி அண்ணன் வீட்டுப் புகையிலதான் சாப்பிட்டோம்" என்று ஒருத்தி சொன்னாள், ஏதோ சித்தி வீட்டு விருந்துக்குப் போய்வந்தது மாதிரி. எல்லோரும் நாங்களும்தான் என்றார்கள். அத்தோடு அது ஊர் நடப்பில் ஒன்றாகிவிட்டது. மாலையானால் வீட்டுச் சன்னல்களைத் திறந்து வைத்தார்கள். காற்று திரும்புகிற பக்கத்தில் குறுக்கே நின்ற துணிக்கொடிகளை அவிழ்த்துக் கட்டினார்கள். காற்று மாறிய நாட்களில் சரிவின் உச்சியில் புகை எட்டாத வீடுகளில் இருந்தவர்கள், பிள்ளைகளையும் முக்காலிகளையும் தூக்கிக்கொண்டு இறங்கி வந்து, ஜெபமணி வீட்டு வேலிக்கு வெளியே மரியாதையாக உட்கார்ந்து, நிறைந்ததும் எழுந்து வணக்கம் சொல்லிவிட்டுப் போனார்கள். ஒரு பர்கரின் புகை போதவில்லை என்று தெரிந்தபோது, ஹனீபா பாய் கறியைக் கூடையில் கொடுத்தனுப்பினார், தோட்டத்து ஆட்கள் கரி சுமந்து வந்தார்கள், பேக்கரியிலிருந்து பன் வந்தது. சுட்டதைத் தின்ன மட்டும் யாரும் இல்லை. அடுப்பைப் பார்த்து நாக்கைத் தொங்கப்போட்டு ஓடி வந்த நாய்கூடப் பாதி வழியில் வயிறு நிறைந்து அங்கேயே படுத்துக்கொள்ளும். சுகிர்தத்துக்கு எடுத்ததுபோக மீதியை ஜெபமணி பட்டறைக்குப் பின்னால் குழி தோண்டிப் புதைப்பார்.

ரம்ஜான் மாதம் வந்தபோது ஹனீபா பாய் தலையைச் சொறிந்துகொண்டு வந்து நின்றார். "அண்ணே, தப்பா நினைக்கக் கூடாது. பொழுது சாஞ்சு மக்ரிப் பாங்கு சொன்ன பொறவு பத்த வைங்க. வாயைக் கட்டலாம், மூக்கை எப்படிண்ணே கட்டறது?" அந்த மாதம் முழுக்க ஜெபமணி பாங்குக்குக் காதைக் கொடுத்துக்கொண்டு தீப்பெட்டியும் கையுமாக நின்றார். பெரிய வெள்ளிக்கிழமை அன்றைக்குப் பற்றவைக்க வேண்டாம் என்று பாஸ்டர் கேட்டுக்கொண்டார். பற்றவைக்கவில்லை. ஆனால் கோயில் திரைச்சீலைகளில் ஏறியிருந்த வாசனையே சபையாருக்குப் போதுமானதாக இருந்தது.

ஓய்வு பெற்ற போஸ்ட் மாஸ்டர் கோமதிநாயகம் பிள்ளைதான் எளிதில் சமாதானம் ஆகாதவர். தலைமுறை தலைமுறையாக முட்டை உடைத்தறியாத வீடு அவருடையது. மூக்கில் பஞ்சு அடைத்துப் பார்த்தார், கதவு இடுக்குகளில் ஈரத்துணி திணித்துப் பார்த்தார், கடைசியில் கைத்தடியை ஊன்றிக்கொண்டு ஜெபமணி வீட்டு வேலிக்கு வெளியே வந்து நின்றார்.

"ஜெபமணி, நான் சண்டைக்கு வரல. ஒரு சந்தேகம். வாயில வைக்கல, கையால தொடல. ஆனா வயிறு நிறைஞ்சிருக்கு. இது தின்ன கணக்கா, தின்னாத கணக்கா?"

"எனக்குத் தெரியலீங்களேய்யா."

"எனக்குச் சர்க்கரை இருக்கு. நேரத்துக்குச் சாப்பிடணும்னு டாக்டர் சொல்லியிருக்கார். சாப்பிட உக்காந்தா இறங்க மாட்டேங்குது. ஆனா சர்க்கரையைப் பாத்தா சரியா இருக்கு. நான் யார்கிட்ட போய்ச் சொல்ல?"

"பத்தவைக்காம இருந்துடட்டுங்களா?"

போஸ்ட் மாஸ்டர் வேலிக்கு வெளியே முக்காலிகளில் உட்கார்ந்திருந்தவர்களைத் திரும்பிப் பார்த்தார். கைத்தடியை ஊன்றிக்கொண்டு போய்விட்டார். அடுத்த நாளிலிருந்து அவர் வீட்டுச் சன்னலும் திறந்திருந்தது. அதைத் திறந்தது தன் மனைவி என்று அவர் எல்லோரிடமும் சொன்னார்.

மெஸ் நடத்திய குமரேசன் மட்டும் நிஜமாகவே சண்டைக்கு வந்தார். அவர் மெஸ்ஸில் இலை விழுந்து வெகுநாள் ஆகியிருந்தது. "என் அடுப்பை அணைச்சுட்டு நீ அடுப்பு மூட்டறியா?" என்று முற்றத்தில் நின்று கத்த ஆரம்பித்தவர், பாதியில் ஒரு பெரிய ஏப்பம் விட்டு, கோபம் வடிந்து, கல்லில் உட்கார்ந்துவிட்டார். ஒருநாள் ஜெபமணியை உட்கார வைத்துவிட்டு, அதே கறியை அதே அடுப்பில் குமரேசன் சுட்டார். கைதேர்ந்த சமையல்காரர், ஜெபமணியைவிடப் பதமாகவே சுட்டார். ஆனால் ஊருக்குக் கண் எரிந்ததே தவிர வயிறு நிறையவில்லை. ஜெபமணி எழுந்து கரண்டியை வாங்கியதும் நிறைந்தது. அதற்குப் பிறகு குமரேசன் மெஸ்ஸைப் பூட்டிவிட்டு, தினமும் வந்து அவருக்குக் கரி விசிறிக் கொடுத்தார்.

இதை வேறு யாரிடமும் ஒப்படைக்க முடியாது என்பது குமரேசன் சுட்ட அன்றைக்குத்தான் ஜெபமணிக்குப் புரிந்தது.

உள்ளே சுகிர்தம் இளைத்துக்கொண்டே வந்தாள். மோப்பம் செத்துப்போனவளுக்குப் புகை எப்படி நிறைக்கும்? கரடிப்பள்ளத்திலேயே பசி என்று ஒன்று இருந்தது அவள் ஒருத்திக்குத்தான். தினமும் ஒன்று கேட்டாள். தினமும் கடித்துவிட்டு ருசியாக இருக்கிறது என்றாள். தன் மனம் நோகக் கூடாது என்று சொல்கிறாள் என்றே ஜெபமணி நினைத்தார், ஏனென்றால் தின்கிற அளவு குறைந்துகொண்டே வந்தது. முதலில் கால் பாகம், பிறகு நாலு வாய், பிறகு ஓரத்தில் ஒரு கடி.

"எப்படி மணக்குதுன்னு சொல்லுங்களேன்" என்று ஒருநாள் கேட்டாள்.

ஜெபமணி யோசித்தார். இரும்பையும் இரும்பையும் ஒட்டத் தெரிந்தவருக்கு வார்த்தையையும் வார்த்தையையும் ஒட்டத் தெரியவில்லை. "வெங்காயம் வதங்குற மாதிரி. கொஞ்சம் கருகுன மாதிரி."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

"இதுக்கா ஊரே மயங்கிக் கெடக்குது?" என்று சிரித்தாள். சிரிப்பு இருமலாகி, இருமல் அடங்க நேரமாயிற்று. "ஊரே நிறைஞ்சு உக்காந்திருக்கு, நான் மட்டும் மென்னுக்கிட்டு இருக்கேன். பேசக்கூட ஆள் இல்லாம சாப்பிடறது என்ன சாப்பாடுங்க? ஒருநாள், ஒரே ஒருநாள், என்கூட உக்காந்து தின்னுங்க."

அவர் செய்யாத முயற்சி இல்லை. மூக்கில் துணி கவ்வும் கிளிப்பை மாட்டிக்கொண்டு சுட்டார். வெல்டிங் முகமூடி போட்டுக்கொண்டு சுட்டார். மூச்சை அடக்கிக்கொண்டு திருப்பிப் போட்டுவிட்டு ஓடினார். புகை கிளிப்பின் ஓரத்திலும் முகமூடியின் இடுக்கிலும் நுழைந்து, எப்படியும் மூக்கில் ஏறி அவரை நிறைத்தது. கடைசியில் ஒருநாள் அடுப்பையே மூட்டுவதில்லை என்று தீர்மானித்தார். பகல் முழுக்கப் பட்டறையில் இருந்தார். அந்தி சாயும்போது வயிற்றில் லேசாக ஒரு கிள்ளல் தெரிந்தது. அத்தனை மாதம் கழித்து வந்த அந்தக் கிள்ளலை ஒரு விருந்தாளியை அழைத்துப் போகிறதுபோலப் பத்திரமாக வீட்டுக்குக் கூட்டிப் போய், ரசம் வைத்து, சோறு குழைய வடித்து, இரண்டு தட்டு எடுத்து வைத்தார்.

அப்போது வேலிப்பக்கம் சத்தம் கேட்டது. கூச்சல் இல்லை. பிள்ளைகள் சிணுங்குகிற சத்தம்தான். கொழுந்து பறிக்கிற சடையம்மா தன் மூன்று பிள்ளைகளோடு நின்றிருந்தாள். அவளுக்குப் பின்னால், பனியில் முகம் தெரியாமல், ஊர் நின்றிருந்தது.

"அண்ணே, இன்னைக்கு இல்லீங்களா?" என்றாள் சடையம்மா.

"இன்னைக்கு ஒருநாள் வீட்டுல ஆக்கிக்கக் கூடாதாம்மா?"

"ஆக்கலாம்ண்ணே. அரிசி வாங்கறதை விட்டு மாசமாச்சு. தோட்டத்துலயும் வாரத்துல ரெண்டு நாள்தான் வேலை குடுக்கறாங்க. முந்தியெல்லாம் இதுங்க பாதி வயித்தோடதான் தூங்கும், பழகியிருந்துச்சு. இப்ப நிறைஞ்சு பழகிடுச்சுண்ணே, தாங்க மாட்டேங்குது." அவள் கெஞ்சக்கூட இல்லை. உள்ளதைச் சொன்னாள். "அக்காவுக்கு முடியலைன்னா பரவால்ல. நாங்க போறோம்." ஆனால் போகவில்லை. போவதற்கு அவர்களுக்கு வேறு இடம் இல்லை.

உள்ளேயிருந்து சுகிர்தத்தின் குரல் வந்தது. "ஏங்க, போய்ப் பத்த வைங்க. பிள்ளைங்க நிக்குது."

"சுகிர்தம், சோறு வடிச்சுட்டேன்."

"நாளைக்குத் தின்னுக்கலாம். போங்க."

ஜெபமணி போனார். ஊர் நிறைந்தது. அவரும் நிறைந்தார். இரண்டு தட்டில் ஒன்றை எடுத்து அலமாரியில் கவிழ்த்து வைத்தார். அந்த 'நாளைக்கு' என்பது வரவே இல்லை, ஒவ்வொரு நாளும் யாரோ ஒருவருடைய பிள்ளை வேலியருகே நின்றது.

ஒரு மத்தியானம், சாயங்காலத்து வெங்காயத்தை நறுக்கிக்கொண்டே, "இன்னைக்குத் தக்காளி வைக்கட்டா?" என்று உள்ளே பார்த்துக் கேட்டார். பதில் வரவில்லை. தூங்குகிறாள் என்று நினைத்து மீதி வெங்காயத்தையும் நறுக்கி முடித்தார். அப்புறம்தான் போய்ப் பார்த்தார்.

ஊர் மொத்தமும் வந்தது. குன்னூரிலிருந்து ஐஸ் பெட்டி வந்தது. பிளெஸ்ஸி விமானம் ஏறிவிட்டதாகச் செய்தி வந்தது. பாஸ்டர் ஜெபம் சொன்னார், பெண்கள் அழுதார்கள், போஸ்ட் மாஸ்டர் ஒருபோதும் தாண்டாத வேலியைத் தாண்டி வந்து முற்றத்து நாற்காலியில் தலைகுனிந்து உட்கார்ந்தார். துக்க வீட்டில் அடுப்பு எரியக் கூடாது, அக்கம்பக்கத்தார்தான் கஞ்சி காய்ச்சிக் கொண்டு வர வேண்டும். அந்த முறையை நினைத்துக்கொண்டு சாயங்காலம் பெண்கள் ஒவ்வொருத்தியாக எழுந்து தங்கள் வீட்டுக்குப் போனார்கள். வெகுநாள் கழித்து அடுப்படிக்குள் நுழைந்தார்கள். அடுப்பின் கண்களில் துரு அடைத்திருந்தது. சிலிண்டர் காலியாகி, பதிவு செய்யாமல் கிடந்தது. அரிசிப் பானையில் வண்டு பறந்தது. குமரேசன் மெஸ்ஸைத் திறக்க ஓடினார். பூட்டில் சாவி திரும்பவில்லை. ஒவ்வொருவராக வெறுங்கையோடு திரும்பி வந்து முற்றத்தில் நின்றார்கள்.

அப்போது பசி வந்தது. அது ஒருநாள் பசியாக வரவில்லை, அத்தனை மாதங்களாக வராமல் இருந்ததெல்லாம் சேர்ந்து வந்தது. அழுதுகொண்டிருந்தவர்களின் அழுகை மெல்ல வேறு அழுகையாக மாறியதை ஜெபமணி பெட்டியருகே உட்கார்ந்தபடி கேட்டார். சடையம்மாவின் கடைசிப் பிள்ளை அவள் முந்தானையை மென்றுகொண்டிருந்தது. போஸ்ட் மாஸ்டருக்குச் சர்க்கரை இறங்கி வியர்த்துக் கொட்டியது. எல்லோரும் தலையைக் குனிந்திருந்தார்கள், ஆனால் எல்லோருடைய கண்ணும் ஓரமாகப் போய் அந்தப் பீப்பாய் அடுப்பில் நின்று, வெட்கப்பட்டுத் திரும்பியது.

ஜெபமணி எழுந்தார். வேண்டாம் என்று யாராவது ஒருவர் சொல்லியிருந்தால் உட்கார்ந்திருப்பார். யாரும் சொல்லவில்லை.

ஹனீபா பாய் அழுதுகொண்டே போய்க் கறி கொண்டு வந்தார். குமரேசன் விசிறினார். சாவு வீட்டு முற்றத்தில் கரி கனன்றது, கறி சத்தம் போட்டது, புகை எழுந்து பனியில் கலந்து ஊர் முகத்தில் படர்ந்தது. எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தார்கள். ஒன்றும் நடக்கவில்லை. வாயில் எச்சில் ஊறியதுதான் மிச்சம், பசி இன்னும் அதிகமாயிற்று. ஜெபமணி இன்னும் கரி போட்டார், இன்னும் கறி வைத்தார். புகை வெறும் புகையாக இருந்தது.

"அண்ணே," என்றார் குமரேசன் விசிறியைக் கீழே வைத்துவிட்டு, "எடுத்துக் குடுத்துடட்டுமா?"

ஜெபமணி தலையாட்டினார். கரடிப்பள்ளம் அப்போதுதான் முதல்முதலாக அவர் சுட்டதை வாயில் வைத்தது. மெல்லுவதை மறந்திருந்த தாடைகள் நோக நோக மென்றார்கள். ஒன்றை நாலாக வெட்டிப் பகிர்ந்தார்கள். போஸ்ட் மாஸ்டருக்கு வெண்ணெய் தடவிய பன்னும் தக்காளியும் தனியாக வந்தன. சாறு மோவாயில் வழிய, சாவு வீடு என்பதால் சப்தம் வராமல், யாரையும் யாரும் பார்க்காமல் தின்றார்கள்.

ஹனீபா பாய் ஒன்றைக் கொண்டு வந்து ஜெபமணியின் கையில் வைத்தார். "சாப்பிடுங்கண்ணே."

"எனக்கு வேணாம் பாய்."

சொல்லி முடிக்கும் முன்பே அவர் வயிறு உறுமியது. முற்றத்தில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்டது. ஜெபமணி கூனிக்குறுகிப் போனார். பர்கரைத் துண்டால் மறைத்துக்கொண்டு உள்ளே போய், பெட்டிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, கண்ணாடிக்குள் இருந்த முகத்தைப் பார்க்கத் தைரியம் இல்லாமல் சுவரைப் பார்த்துக்கொண்டு ஒரு வாய் கடித்தார்.

ருசியாக இருந்தது. அவர் வாழ்நாளில் தின்ற எதுவும் அத்தனை ருசியாக இருந்ததில்லை. அவள் தினமும் சொன்னது அவரைத் தேற்றுவதற்காக அல்ல, நிஜத்தைத்தான் சொல்லியிருக்கிறாள். ஆமாம் சுகிர்தம், ருசியாகத்தான் இருக்கிறது என்று சொல்ல வாயைத் திறந்தார். வாய் நிறையக் கறி இருந்தது. அழுகை வந்தது, அதோடு சேர்த்தே விழுங்கினார். நிறுத்த நினைத்தும் கை நிற்கவில்லை. முழுசையும் தின்று, விரலில் ஒட்டியதையும் நக்கினார். பசி அடங்கவில்லை. வெட்கத்தை விட்டு, வாசல் பக்கம் திரும்பி, இன்னொன்று இருக்கிறதா என்று கேட்டார்.